பக்கத்து வீட்டுப் பையன் ஜப்பானுக்குப் போகிறான்

சனிக்கிழமை, சால்ட் லேக் சிட்டி

லாஸ் ஏஞ்சலீஸில் விமானம் ஏறியது முதல் முன் வரிசையில் இருந்த இளைஞன் உட்கார முடியாமல் தவித்துக்கொண்டிருந்தான். கறுப்பு சூட், கசங்கிய வெள்ளைச் சட்டை, மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டை. ஜன்னல் வழியாக மலை தெரிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இறங்கி வெளியே வந்தபோதுதான் எனக்குக் காரணம் தெரிந்தது. வருகைப் பகுதியை ஒட்டிய ஒரு பெரிய அறையில் பாட்டி, அத்தை, சித்தப்பா, கைக்குழந்தை என்று ஒரு கூட்டமே அவனுக்காகக் காத்திருந்தது. கையால் எழுதிய பதாகைகள், பலூன்கள். அவன் அம்மா எல்லோரையும் விலக்கிக்கொண்டு ஓடிவந்து கட்டிக்கொண்டார். இரண்டு ஆண்டு கழித்து மகனைத் தொடுகிறார்.

"மத ஊழியம் முடித்துத் திரும்பும் மார்மன் பிள்ளை அவன். அந்த அறையே இவர்களுக்காகத்தான் அக்கா. 2020இல் புது முனையம் திறந்தபோது வரவேற்க வரும் குடும்பங்களை மனத்தில் வைத்துத்தான் அதையும் கட்டினார்கள்" என்றான் தம்பி. அவன் லீஹை நகரில் மென்பொருள் வேலை பார்க்கிறான், வீடு ஓரெமில். யூட்டா மாநிலத்தில் மலைக்கும் ஏரிக்கும் நடுவே நீளமாகப் படுத்திருக்கும் ஊர்களில் ஒன்று அது. அடுத்த ஊர் ப்ரோவோ.

மார்மன்கள் என்று உலகம் அழைக்கும் இவர்களுடைய சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. முழுப்பெயராலேயே அழையுங்கள் என்று 2018இல் சபைத் தலைவர் ரசல் நெல்சன் கேட்டுக்கொண்டார். இதில் பிறந்து வளர்ந்த ஆண்பிள்ளைகள் பதினெட்டு வயதில் இரண்டு ஆண்டு மதம் பரப்பும் ஊழியத்துக்குப் போகவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. பெண்கள் விரும்பினால் பதினெட்டு மாதம் போகலாம். 2012 அக்டோபர் வரை ஆண்களுக்குப் பத்தொன்பது வயதும் பெண்களுக்கு இருபத்தொன்றும் நிறைந்திருக்கவேண்டும். தாமஸ் மான்சன் தலைவராக இருந்தபோது அதை முறையே பதினெட்டும் பத்தொன்பதுமாகக் குறைத்தார் (2025 நவம்பரில் பெண்களுக்கும் பதினெட்டானது). அதன்பின் ஊழியத்துக்கு விண்ணப்பிக்கும் பெண்களின் எண்ணிக்கை வெகுவாக உயர்ந்தது. எனக்கு அது நல்ல செய்தி. இருபத்தொரு வயதுக்குள் படிப்பு, திருமணம் என்று ஏதேனும் ஒன்று பெண்ணின் காலைக் கட்டிவிடுவது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை.

தம்பியின் பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஊழியக் களமாக ஜப்பானின் ஃபுகுவோகா மிஷன் கிடைத்திருக்கிறது. நாளை தேவாலயத்தில் அவன் பேசுகிறான். எங்களையும் அழைத்திருக்கிறார்கள்.

ஞாயிறு, ஓரெம்

சிலுவை இல்லை, சிலை இல்லை, மெழுகுவத்தி இல்லை. கம்பளம் விரித்த ஒரு கூடம், நீள இருக்கைகள், எண்ண முடியாத அளவு குழந்தைகள். முன்னால் ஒரு மேசையில் வெள்ளைத்துணி மூடிய தட்டுகள். பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் ரொட்டியைப் பிட்டு வைத்து, முழந்தாளிட்டு ஜெபத்தை வாசித்தார்கள். ஒரு சொல் பிசகினாலும் முதலிலிருந்து வாசிக்கவேண்டும். திராட்சை ரசத்துக்குப் பதில் தண்ணீர். பன்னிரண்டு வயதுச் சிறுவர்கள் தட்டை ஏந்தி வரிசை வரிசையாக வந்தார்கள். சம்பளம் வாங்கும் குரு இங்கே கிடையாது. இந்தச் சபைக்குத் தலைமை வகிக்கும் பிஷப், வாரநாள்களில் பல் மருத்துவர்.

நம் பையன் ஒலிபெருக்கியைச் சரிசெய்துகொண்டு பேசத் தொடங்கினான். பக்தர்கள் கூட்டத்தில் சாட்சி சொல்லும் ஆவேசம் எதுவும் இல்லை. தாத்தா ஒரு காலத்தில் வீடு வீடாகப் போய்க் கதவு தட்டியதைச் சொன்னான். பள்ளியில் நான்கு ஆண்டு வேதவகுப்புக்குப் போனபோது தனக்கு வந்த சந்தேகங்களைச் சொன்னான். பிறகு எழுதி வைத்திருந்த தாளை மடித்துவிட்டு, "எனக்கு அந்நியர்களிடம் பேசப் பயம். அதனால்தான் போகிறேன்" என்றான். அவன் அம்மா கைப்பையைத் திறந்து காகிதக் கைக்குட்டையைத் தேடினார். என் பக்கத்தில் இருந்த பெரியவர் தன்னுடையதை நீட்டினார்.

மாலையில் அவர்கள் வீட்டு முன்னறையில் அவனை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். வட்டாரத் தலைவரும் அப்பாவும் தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். சில நிமிடங்கள்தான். எழுந்தபோது அவன் 'எல்டர்', அதாவது மூப்பர். இனி முதற்பெயரால் அழைக்கமாட்டார்கள், குடும்பப்பெயர்தான். தொலைக்காட்சி, விளையாட்டு, தோழிகளோடு அரட்டை எல்லாம் அந்த நாற்காலியோடு முடிந்துவிட்டன. தங்கை மட்டும் பழக்கத்தில் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

திங்கள், ஓரெம்

பயிற்சி தொடங்கிவிட்டது, வீட்டிலேயே. ப்ரோவோவில் இருக்கும் மிஷனரிப் பயிற்சி மையத்துக்குப் போகுமுன் முதல் வாரம் இணையவழி வகுப்பு. 2020இல் தொற்றுக்காலத்தில் மையத்தை மூடியபோது ஏற்பட்ட ஏற்பாடு. திறந்த பிறகும் இந்த முதல் வாரத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

காலையில் குப்பைத்தொட்டியை வைக்க வெளியே போன தம்பி என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். எதிர் ஜன்னலில் பையன் கழுத்துப்பட்டை, வெள்ளைச்சட்டையுடன் நிமிர்ந்து உட்கார்ந்து கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுவரில் இன்னும் கூடைப்பந்து வீரர்களின் படங்கள். ஆறரைக்கு எழுந்து பத்தரைக்குப் படுக்கும் அட்டவணையை அவனே கடைப்பிடிக்கவேண்டும். அம்மா காலையுணவுக்கு இரண்டு தடவை கூப்பிடுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறார்.

செலவு பற்றித் தம்பியிடம் கேட்டேன். சம்பளம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவர்களே பணம் கட்டவேண்டும் என்பது தெரியாது. மாதம் 500 டாலர், இருபத்து நான்கு மாதத்துக்கு 12,000. எல்லோர் பணமும் பொதுவில் சேர்ந்து பகிர்ந்தளிக்கப்படுவதால் டோக்கியோ போகிறவனும் மணிலா போகிறவனும் ஒரே தொகைதான் கட்டுகிறார்கள். இவன் பள்ளி விடுமுறைகளில் புல்வெட்டியும் பர்கர் கடையில் நின்றும் பாதிக்குமேல் சேர்த்துவிட்டான். எந்த ஊர் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் அவனுக்கு இல்லை. சபையின் மூத்த தலைவர்களான அப்போஸ்தலர்கள் ஜெபித்து முடிவு செய்கிறார்கள். முன்பெல்லாம் ஒரு பெரிய வெள்ளை உறை தபாலில் வரும். 2018 முதல் கடிதம் இணையத்தில் வருகிறது. அதைத் திறக்கும் இரவில் உறவினர்கள் கூடி, உலக வரைபடத்தில் ஆளுக்கோர் ஊசி குத்தி ஊகிப்பார்களாம். என் தம்பி குத்திய ஊசி பெரு நாட்டில் நின்றது.

புதன், ஓரெம்

இன்று எனக்கு ஒரு பெரிய மகிழ்ச்சி. மாலை அவன் படிப்பு நேரத்தில் அம்மா என்னைச் சாப்பாட்டு மேசைக்கு அழைத்தார். பையன் ஜப்பானிய வாக்கியங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு தலையில் கைவைத்திருந்தான். வினைச்சொல் கடைசியில் வருவது அவனுக்குப் பிடிபடவில்லை. வாக்கியம் முடிகிறவரை என்ன நடந்தது என்றே தெரியாமல் எப்படிக் காத்திருக்கிறார்கள் என்று கேட்டான்.

எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. ஆனால் அவன் காட்டிய தாளைப் பார்த்ததும் அந்த வரிசை தெரிந்துவிட்டது. நான், பள்ளிக்கூடத்துக்கு, போகிறேன். 'கு' இருக்கவேண்டிய இடத்தில் அவர்களுக்கு 'நி'. 'இலிருந்து' வரும் இடத்தில் 'கரா'. கேள்வி கேட்கவேண்டுமானால் நாம் முடிவில் 'ஆ' சேர்ப்பதுபோல் அவர்கள் 'கா' சேர்க்கிறார்கள். தமிழ் வாக்கியங்களை ஆங்கில எழுத்தில் எழுதிக் கீழே அவனுடைய ஜப்பானிய வாக்கியங்களை வைத்தேன். சொல்லுக்குச் சொல் நேராக நின்றன. அவன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று ஆயுள் முழுக்க வாதாடியதையும், மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை என்பதையும் சொன்னேன். உறவு இருக்கிறதோ இல்லையோ, ஒரு மணி நேரத்தில் பதினைந்து வாக்கியங்களை அவன் தயக்கமில்லாமல் சொன்னான்.

பயிற்சியின் முறை எனக்கு ஆசிரியையாகப் பிடித்திருக்கிறது. இலக்கணம் முழுதும் முடியட்டும் என்று காத்திருப்பதில்லை. முதல் சில நாள்களிலேயே அந்த மொழியில் ஜெபிக்கச் சொல்கிறார்கள், பாடம் நடத்தச் சொல்கிறார்கள். ஆசிரியர்களில் பலர் அதே நாட்டில் ஊழியம் முடித்துத் திரும்பிப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவர்கள். அவர்களே ஆர்வத்தோடு விசாரிக்கும் அந்நியராக நடிக்கிறார்கள். உடைந்த நான்கு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதரின் கண்ணைப் பார்த்துப் பேசவேண்டும். நான் இருபது ஆண்டுக்கு மேல் ஆங்கிலம் கற்பித்திருக்கிறேன். தப்பாகப் பேசும் தைரியத்தை என் பிள்ளைகளுக்குக் கொடுக்கத்தான் எனக்கு அதிக காலம் பிடித்தது. இங்கே அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

வெள்ளி, சால்ட் லேக் சிட்டி

ஃப்ரண்ட்ரன்னர் ரயிலில் தலைநகர் போய்வந்தேன். 1853இல் தொடங்கி நாற்பது ஆண்டு கட்டிய சபையின் கோயில், நிலநடுக்கத்தைத் தாங்கும்படி அடித்தளத்தை வலுப்படுத்தும் வேலையில் சாரங்களுக்குள் மூடிக்கிடக்கிறது. அதனால் வெளியே நடந்துகொண்டே பழைய கதையைத்தான் யோசித்தேன்.

ஜோசப் ஸ்மித் 1830இல் நியூயார்க் மாநிலத்தில் இந்தச் சபையைத் தொடங்கினார். அதே ஆண்டு அவருடைய தம்பி சாமுவேல் மார்மன் நூல் என்ற தங்கள் வேதத்தின் பிரதிகளைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக நடந்தார். பயிற்சி என்று ஒன்றும் கிடையாது. 1844இல் இல்லினாயில் சிறையில் வைத்து ஒரு கும்பல் ஸ்மித்தைக் கொன்றது. எஞ்சியவர்கள் பிரிகம் யங் தலைமையில் 1847 ஜூலையில் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தார்கள். ஐந்தே ஆண்டு. நிலம் இன்னும் பண்படவில்லை, 1852 ஆகஸ்டில் கூட்டம் கூட்டி நூறு பேருக்கு அருகில் உலகின் பல மூலைகளுக்கும் அனுப்பினார்கள். அதில் ரிச்சர்ட் பாலன்டைன் என்பவரும் ஒருவர். இந்தப் பள்ளத்தாக்கில் முதல் ஞாயிறு பள்ளி நடத்தியவர். அவர் அடுத்த ஆண்டு போய் இறங்கிய ஊர் சென்னை. ஓராண்டுக் காலம் இருந்தார், துண்டுப் பிரசுரங்கள் அச்சிட்டார், சேர்ந்தவர்கள் மிகச் சிலர், நோயோடு திரும்பினார். மொழி கற்பித்து அனுப்ப ஆளில்லாத காலம். மெட்ராஸ் வெயிலில் கோட்டுப் போட்டு நடந்த அந்த மனிதரை நினைத்து நெடுநேரம் அந்தச் சதுக்கத்தில் நின்றேன்.

ஜப்பான் கதை இன்னும் கடினம். 1901 ஆகஸ்டில் அப்போஸ்தலர் ஹீபர் கிராண்ட் உட்பட யோகஹாமாவில் இறங்கிய நால்வரில் ஆல்மா டெய்லருக்கு வயது 19. மற்றவர்கள் முன்பின்னாகத் திரும்ப, அவர் 1910 வரை அங்கேயே இருந்து, மார்மன் நூலை ஜப்பானிய மொழியில் பெயர்த்து 1909இல் வெளியிட்டார். 1924இல் அந்த மிஷனையே மூடிவிட்டார்கள். இருபத்து மூன்று ஆண்டில் சேர்ந்தவர்கள் இருநூறு பேரைத் தாண்டவில்லை. போருக்குப் பின் 1948இல்தான் மறுபடி திறந்தது.

இப்படிப் பட்ட பாடுதான் பயிற்சியைப் பிறப்பித்தது என்று நினைக்கிறேன். 1961இல் ப்ரோவோவில் மொழிவகுப்பு சிறிதாகத் தொடங்கியது. 1976இல் தனி வளாகம் எழுந்தது. இன்று அங்கே ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் கற்பிக்கப்படுகின்றன.

ஞாயிறு, ஓரெம்

தம்பியோடு வேலை பார்க்கும் ஓர் இளைஞர் சாப்பிட வந்தார். ஊழியம் பற்றி நான் ஆர்வமாகக் கேட்கக் கேட்க அவர் பதில் சுருங்கிக்கொண்டே போனது. பிறகு அவராகவே சொன்னார். தென் அமெரிக்காவுக்குப் போன ஐந்தாம் மாதத்தில் உறக்கம் போய்விட்டது, சாப்பிட முடியவில்லை. மனநோய் என்று மருத்துவர் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விமான நிலையத்தில் பதாகை இல்லை, பலூன் இல்லை. அப்பா மட்டும் வந்திருந்தார். தேவாலயத்தில் யாரும் கடிந்து பேசவில்லை, ஆனால் எப்போது திரும்பிப் போகப்போகிறாய் என்று ஒவ்வொரு ஞாயிறும் யாராவது கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து பல மாதம் உள்ளே போகாமல் வாகன நிறுத்தத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

இதையும் எழுதத்தான் வேண்டும். எல்லோரும் போகிற ஊரில் போக முடியாதவனும் பாதியில் வந்தவனும் எங்கே நிற்பார்கள்? பதினெட்டு வயது எல்லோருக்கும் ஒரே வயது அல்ல. இப்போது மனநலம் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறார்கள், உள்நாட்டிலேயே வீட்டில் இருந்தபடி செய்யும் சேவை ஊழியமும் இருக்கிறது என்று அவரே சொன்னார். ஆனாலும் அவருடைய தட்டில் சோறு அப்படியே இருந்தது.

திங்கள், ஓரெம்

பெட்டி கட்டும் நாள். இரண்டு சூட், வெள்ளைச் சட்டைகள், நடந்து தேயாத கனத்த அடித்தோல் வைத்த காலணி. பையனின் அம்மா ஊசியில் நூல் கோர்த்துக் கொடுத்து, பொத்தான் தைக்கச் சொன்னார். முதல் பொத்தானை இறுக்கமாகத் தைத்துவிட்டான், துளைக்குள் போகவில்லை. பிரித்து மறுபடி தைக்கவைத்தார். அடியில் ஒரு தீக்குச்சியை வைத்துத் தைத்தால் இடைவெளி கிடைக்கும் என்று என் பாட்டி சொல்லிக்கொடுத்ததை நான் காட்டினேன். மூன்றாவது பொத்தான் சரியாக வந்தது. அம்மா சட்டையை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

அவன் மாடிக்குப் போனபின் எங்கள் இருவருக்கும் எலுமிச்சைச் சாறு கொண்டுவந்தார். தேநீர், காப்பி இவர்கள் தொடுவதில்லை. 1833இல் ஜோசப் ஸ்மித் கொடுத்த உணவு விதி. நான் மனத்தில் இருந்ததைக் கேட்டேன். எங்கள் ஊரில் கதவைத் தட்டி மதம் மாற்ற வருகிறவர்களைப் பலருக்குப் பிடிக்காது, எனக்கும் முழுதாகச் சம்மதம் இல்லை, ஜப்பானில் ஒருவர் தன் பெற்றோரின் வழிபாட்டை விட்டுவிடுவது உங்களுக்கு உறுத்தாதா என்றேன். அவர் கோபப்படவில்லை. "என்னிடம் நல்லது என்று ஒன்று இருக்கும்போது அதை உங்களுக்குத் தராமல் வைத்துக்கொள்ள எனக்கு மனம் வராது. வேண்டாம் என்று நீங்கள் சொல்லலாம். பெரும்பாலோர் அப்படித்தான் சொல்லப்போகிறார்கள். அதைக் கேட்டுப் பழகத்தான் அவன் போகிறான்" என்றார்.

எனக்கு இன்னும் சம்மதம் வரவில்லை. ஆனால் அவருடைய அந்தக் கடைசி வாக்கியத்தை ஏற்கிறேன். அவனுக்குத் தன் வேதம் பிறந்ததிலிருந்தே தெரியும். அதற்குப் பயிற்சி எதற்கு? தெரியாத ஊரில், அரைகுறை மொழியில், ஒரு நாளுக்குப் பலமுறை 'வேண்டாம்' கேட்டு, அடுத்த கதவின் முன் கசப்பில்லாமல் நிற்கத்தான் பயிற்சி. அதை எந்தப் பல்கலைக்கழகத்திலும் நான் பார்த்ததில்லை.

புதன், ப்ரோவோ

வண்டியில் எனக்கும் இடம் கொடுத்தார்கள். வழியில் டிம்பனோகோஸ் மலை, உச்சி மடிப்புகளில் பனி மிச்சமிருந்தது. பயிற்சி மையத்துக்கு எதிரே 1972 முதல் இயங்கிய கோயிலை மறுகட்டுமானத்துக்காக 2024 பிப்ரவரியில் மூடிவிட்டார்கள். பயிற்சி பெறுபவர்கள் ஞாயிறுதோறும் நடக்கப் போகும் தோட்டம் அதைச் சுற்றித்தான் இருந்தது.

குறித்த நேரத்துக்கு வரிசையில் வண்டிகள் நகர்ந்தன. முன்பு பெற்றோரும் உள்ளே வந்து கூட்டத்தில் உட்கார்ந்து, முடிவில் ஒரு வாசலால் பெற்றோரும் மறு வாசலால் பிள்ளைகளும் பிரிவார்களாம். இப்போது நடைபாதை ஓரத்திலேயே எல்லாம் முடிகிறது. கதவைத் திறந்ததும் ஒரு மூத்த மிஷனரி வந்து பெட்டியை எடுத்துக்கொண்டார். பையன் அப்பாவையும் தங்கையையும் அணைத்தான். அம்மா ஒருமுறை அணைத்து விட்டுவிட்டு, பின்னும் ஒருமுறை பிடித்துக்கொண்டார். எனக்குக் குனிந்து ஜப்பானிய வணக்கம் சொன்னான். பின்னால் அடுத்த வண்டி காத்திருந்தது. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

திரும்பும் வழியில் அப்பா வேண்டுமென்றே நெடுஞ்சாலையை விட்டுவிட்டு ஊருக்குள் ஓட்டினார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

மறு வாரம், ஓரெம்

முன்பு ஊழியத்தில் இருப்பவர்கள் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான் வீட்டுக்குப் பேசலாம். 2019 பிப்ரவரியிலிருந்து வாரம் ஒருமுறை பேச அனுமதி. துணி துவைக்கவும் முடி வெட்டவும் கொடுத்திருக்கும் அந்த ஒரு நாளில் அழைக்கவேண்டும். நான் ஊருக்குக் கிளம்பும் முன்தினம் அது வந்தது.

மார்பில் ஜப்பானிய எழுத்தில் பெயர்ப்பட்டை. உள்ளே இருக்கும் பெரிய உலக வரைபடத்தில் ஃபுகுவோகாவைத் தொட்டு எடுத்த படத்தைக் காட்டினான். அவனுடைய துணையாக வாய்த்த எல்டர் ஐடஹோ மாநிலத்தில் உருளைக்கிழங்குப் பண்ணையில் வளர்ந்தவன், விடியுமுன் எழுந்து பாடுகிறானாம். மையத்தில் அவர்கள் இருவரும் ஒருவர் கண்ணிலிருந்து மற்றவர் மறையக்கூடாது என்பது விதி. வகுப்பு, சாப்பாடு, விளையாட்டு எல்லாம் ஒன்றாகத்தான்.

எது கடினம் என்று கேட்டேன். இலக்கணம் என்று சொல்வான் என எதிர்பார்த்தேன். "தனியாக இருக்க முடியாததுதான். வீட்டில் கோபம் வந்தால் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். இங்கே அவனோடேயே சரிசெய்தாகவேண்டும். செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் சண்டை போட்டோம். பிறகு சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம் ஒன்றும் பேசாமல் ஒரே பெஞ்சில் உட்காருவது என்று ஒப்பந்தம் செய்துகொண்டோம்" என்றான்.

அம்மா சட்டைப் பொத்தான்களைக் காட்டச் சொன்னார். காட்டினான். ஒன்று வேறு நிற நூலில் இருந்தது, அந்தச் சட்டை ஐடஹோப் பையனுடையதாம், இவன்தான் தைத்துக் கொடுத்திருக்கிறான், இவனுடைய சட்டையை அவன் போட்டிருக்கிறான். அதற்குள் அந்தப் பையன் பின்னாலிருந்து எட்டிப்பார்த்து, தன் வீட்டுக்கும் பேச வேண்டுமென்று கடிகாரத்தைக் காட்டினான்.